பிஸ்டனுக்குப் புளி ஆகாது

எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி என்று ஒன்று இருந்தது, பாத்ரூம் சுவரில், ரசம் போய். அதை யாரும் சீண்டுவதில்லை. தலை வார, பொட்டு வைக்க, பல் இடுக்கில் கீரை மாட்டியிருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் அப்பாவின் பித்தளை வாத்தியங்கள்தான். கூடத்துச் சுவரில் ட்ரம்பெட்டுகள் வரிசையாக ஆணியில் தொங்கும். கீழே, அவற்றைவிடக் குண்டாக யூஃபோனியம். மூலையில், ஆளை விழுங்கும் வாயோடு பெரிய பேஸ் ஊதுகுழல். யூஃபோனியத்தில் பார்த்தால் முகம் நீளும். பேஸில் பார்த்தால் மூக்கு மட்டும் பூசணிக்காய் அளவுக்கு முன்னால் வந்து நிற்கும். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை என் மூக்கு அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா பேண்டு மாஸ்டர். திருவண்ணாமலையில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர்களுக்கு வரவேற்பு என்று எதற்கு வேண்டுமானாலும் அவர் செட் வரும். மற்ற மாஸ்டர்கள் வாசிப்பைப் பற்றிக் கவலைப்படுவார்கள். எங்கள் அப்பா பளபளப்பைப் பற்றிக் கவலைப்படுவார். சுரம் தப்பினால் நாலு பேருக்குத்தான் தெரியும், வாத்தியம் மங்கியிருந்தால் தெருவுக்கே தெரியும் என்பார். அவர் ஒன்றும் மோசமாக வாசிப்பவர் இல்லை. நன்றாகவே வாசிப்பார். ஆனால் அதை யாராவது பாராட்டினால் காதில் விழாத மாதிரி இருப்பார். வாத்தியம் மின்னுகிறதே என்றால் டீ வாங்கிக் கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் புளி ஊறும், குழம்புக்கு இல்லை. அந்தப் புளிக்கரைசலில் விபூதியைக் குழைத்து, பழைய பனியன் துணியால் தேய்க்க வேண்டும். இந்த ஊரில் விபூதிக்குப் பஞ்சமில்லை. கோயிலுக்குப் போய்வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பொட்டலம் நீட்டிவிட்டுப் போவார்கள். பூசி முடியாது, கொட்டவும் முடியாது. பிரசாதத்தை வீணடிக்கக் கூடாது என்ற பக்தியில் அப்பா கண்டுபிடித்த வழி இது. சாமிக்கும் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. ட்ரம்பெட்டில் விரலால் அழுத்துகிற மூன்று பிஸ்டன்கள் இருக்கும். அதை அழுத்துவதில்தான் சுரம் மாறும். புளித்துணி வாத்தியத்தின் மேல் படுவதற்கு முன்னால் அவற்றைக் கழற்றி, எண்ணெய் போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட வேண்டும். கழற்றாமல் தேய்த்தால் புளிச்சக்கையும் விபூதியும் உள்ளே இறங்கி, பிஸ்டன் போன இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். பிஸ்டனுக்குப் புளி ஆகாது என்பதை அம்மா அப்பா என்று சொல்லப் பழகும்போதே நான் பழகிவிட்டேன். அப்பா வாழ்க்கையில் என்னை ஒரே ஒரு முறைதான் அடித்தார், அதுவும் இதற்காகத்தான்.

அவருக்கு இன்னொரு பழக்கம். என்ன பேசுவது என்று தெரியாமல் போனால், கையில் என்ன இருக்கிறதோ அதைத் தோள் துண்டால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். என் ரிசல்ட் வந்த அன்று சைக்கிள் பெல்லைத் துடைத்தார். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது வெளியே காலியாகக் கிடந்த கட்டிலின் கம்பிகள் முழுவதையும் துடைத்து முடித்திருந்தார். அந்தப் பக்கம் வந்த நர்ஸ் அவரை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து, அடுத்த கட்டிலையும் காட்டிவிட்டுப் போனார். அப்பா அதையும் துடைத்தார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. என் பெண் அழைப்பு ஊர்வலத்தில் அவர் ட்ரம்பெட் வாசித்துக்கொண்டு முன்னால் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் அழைப்புதான் பெரிய விசேஷம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து பெண்ணை அலங்கார வண்டியில் உட்காரவைத்து, பேண்டு முழங்க மண்டபத்துக்குக் கூட்டிவருவார்கள். ஊரில் உள்ள அத்தனை பேர் பெண்களையும் அப்படி வாசித்து மண்டபத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர். நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலேயே, உன் வண்டிக்கு முன்னால் நான்தான் வாசித்துக்கொண்டு போவேன் என்று சொல்லிவைத்துவிட்டார். அந்த வயதில் எனக்கு வண்டியைப் பற்றி மட்டும்தான் சந்தோஷம்.

நான் வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அடுத்த பிரிவில், இப்போது என் கணவராக இருக்கிற அவர். பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எடுத்துத்தர வருவார். கொஞ்ச நாளில் பேப்பர் மாட்டாதபோதும் வந்தார். முறைப்படி பேசட்டும் என்று இரண்டு வீட்டிலும் சொன்னோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் அவர்களுக்கு நிலம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பயிர். ஒரு வேன் நிறைய ஆட்கள் பெண் பார்க்க வந்து இறங்கினார்கள்.

வந்தவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்த எல்லோரும் சுவரில் தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒருவர் யூஃபோனியத்தைப் பார்த்துத் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா, அதாவது என் மாமனாரின் அண்ணன், பேஸ் பக்கமாகத் திரும்பித் தன் மூக்கைக் கண்டதும் விருட்டென்று நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். நான் காபி கொண்டுவந்து நின்றபோது தட்டிலிருந்து டம்ளரை எடுத்தாரே ஒழிய என் முகத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

மாமனார் மட்டும் எழுந்து சுற்றிவந்தார். அன்று ஞாயிறு, பிஸ்டன்கள் ஃபிரிட்ஜ் மேல் இருந்தன. துணியை விலக்கி ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இன்னாங்க இது, எஞ்சின் பிஸ்டனாட்டம் இருக்குது?" என்றார். அப்பாவுக்கு அவ்வளவுதான் வேண்டும். புளி போடும்போது ஏன் கழற்ற வேண்டும், கழற்றாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பாடமே எடுத்துவிட்டார். தன் பம்புசெட்டுக்கும் அதே கதிதான், மண் போனால் இறுகி நின்றுவிடும் என்றார் மாமனார். இரண்டு பேரும் அந்த பிஸ்டனை மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடிவானதே அங்கேதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

கிளம்பும்போதுதான் குண்டு விழுந்தது. வேனில் ஏறப்போன மாமனார் இறங்கி வந்து, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் வாசல் சின்னது, எல்லோருக்கும் கேட்டது.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. பேண்டு நாங்களே ஏற்பாடு பண்ணிக்கிறோம். பொண்ணோட அப்பா ரோட்ல ஊதிக்கினு வந்தா நல்லாருக்காதுனு எங்க அண்ணன் நினைக்கிறாரு. நீங்க பட்டு வேட்டி கட்டிக்கினு மரியாதையா நிக்கணும்."

அப்பா வேனின் கதவுப் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தேன். கட்டிக்கொள்ளப்போகிறவரைப் போனில் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். பெரியப்பா பேச்சை யாரும் தட்டமாட்டார்கள், நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசியும் பார்த்தார், பிரயோஜனம் இல்லை. பிரிண்டர் என்றால் கையை விட்டு எடுத்துவிடுவார், பெரியப்பாவிடம் அது நடக்கவில்லை. அப்பா என்னருகில் வந்து உட்கார்ந்து, அவர்கள் கேட்டதில் என்ன தப்பு, எந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் இருக்கிற கூச்சம்தானே, வாக்கு கொடுத்தாயிற்று, நான் ட்ரம்பெட் ஊதமாட்டேன் என்றார். சொல்லும்போது கேஸ் அடுப்பின் குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கோபமெல்லாம் மாமனார் மேல் திரும்பியது. அவ்வளவு சிநேகமாக பிஸ்டனைப் பேசிவிட்டு இப்படிச் சொல்ல அந்த மனுஷனுக்கு எப்படி மனசு வந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கல்யாண வாரம் முழுக்க அப்பா சீர் பாத்திரங்களைத் தேய்த்தார். குத்துவிளக்கு, குடம், அண்டா, தவலை, சொம்பு எல்லாமே புதுசு, கடையிலிருந்து பளபளவென்று வந்தவை. அவற்றையும் விடவில்லை. வாசிக்க முடியாத பித்தளையைக்கூட இந்த மனுஷர் விடமாட்டேன் என்கிறாரே என்று தெருவில் சிரித்தார்கள். அம்மா ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து, "கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் மூஞ்சப் பாத்தது கம்மி, பித்தளைல அவரு மூஞ்சப் பாத்ததுதான் ஜாஸ்தி" என்றார். அப்பா தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.

மண்டபம் வேங்கிக்கால் போகிற சாலையில் இருந்தது. முதல் நாள் மத்தியானமே சீரை மேடைக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பிவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, முகம் பார்த்தார்கள். வரிசையின் கடைசியில் இருந்த குடத்தின் முன்னால் தலைப்பூ அத்தை நின்றார். குடத்தின் வாயிலிருந்து இன்னொரு வாய் நீட்டிக்கொண்டிருந்தது. விரிந்த பித்தளை வாய், ஊமத்தம்பூ மாதிரி. அது நிறைய சம்பங்கியும் ரோஜாவும் அடுக்கியிருந்தது. இது என்ன புது மாதிரி ஜாடியாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று அத்தை கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவின் ட்ரம்பெட், குடத்துக்குள் பிஸ்டன் வரைக்கும் இறங்கி, தலையில் பூ வைத்துக்கொண்டு என் சீர்வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கும்பகோணத்தில் வாங்கியது என்று அம்மா சொன்னார்.

நான் அப்பாவிடம் போய்க் கேட்டேன். ஊதமாட்டேன் என்றுதான் சொன்னேன், பக்கத்தில் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றார். அவருடைய செட் அன்றைக்கு செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. வீட்டில் அது மட்டும் தனியாக இருக்கும் என்றார், குழந்தையை விட்டுவிட்டு வந்ததைப் போல.

மூன்று மணிக்கு மேல் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்த பேண்டு வந்து இறங்கியது. பெரியப்பாவுக்குத் தெரிந்தவர்களாம். ஆட்கள் நல்ல மாதிரி. ஆனால் வாத்தியங்களைப் பார்க்க முடியவில்லை. களிம்பு ஏறிப் பச்சைப் பச்சையாக, மழையில் கிடந்த குழாய்க் கட்டு போல இருந்தன. பேஸின் வளைவில் எப்போதோ ஒட்டிய கட்சி ஸ்டிக்கர் பாதி கிழிந்து நின்றது. வாசலில் பன்னீர்ச் சொம்போடு பட்டுச் சட்டையில் நின்ற அப்பா, அவர்கள் உள்ளே போகும்போது ஒவ்வொரு வாத்தியத்தையும் பார்த்தார். வந்த விருந்தாளிகளுக்குத் தெளிக்க வேண்டிய பன்னீரைச் சொம்பிலேயே வைத்துக்கொண்டு, சொம்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்த அறையின் ஜன்னல் சமையல்கட்டு முற்றத்தைப் பார்த்தது. அதனால் மற்றதை நான் அரைக் கண்ணால் பார்த்தேன். இன்னொரு கண்ணில் மை எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்த மாஸ்டரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தார். ஏதோ சொன்னார். மாஸ்டர் சிரித்தார், பிறகு தலையைச் சொறிந்தார், பிறகு தன் ட்ரம்பெட்டைக் கொடுத்துவிட்டார். ராத்திரி ரசத்துக்கு ஊறிக்கொண்டிருந்த புளி அண்டா அப்பாவின் பக்கம் நகர்ந்தது. "சார், இன்னா சார் பண்றிங்க, அது ரசத்துக்கு" என்று சமையல்காரர் ஓடிவந்தார். எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளச் சொன்னார் அப்பா. மாமனார் வீட்டார் வைத்த சமையல்காரர், அவர்கள் வாங்கிய புளி. அதைக் கேட்க அவருக்குக் கூச்சமே இல்லை. விபூதிக்கு ஆள் அனுப்பவே வேண்டியிருக்கவில்லை. மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு பையிலும் ஒரு பொட்டலம் இருந்தது.

தேய்க்க வேண்டிய வாத்தியங்கள் நிறைய, நேரமோ கொஞ்சம். அந்தப் பக்கம் வந்தவர்கள் கையில் எல்லாம் அப்பா ஒரு துணியைத் திணித்தார். தாய்மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போட்டோகிராபரின் உதவியாளர் உட்கார்ந்தார். பந்தி போட வந்தவர்கள் இலையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். இது என்ன கூத்து என்று சத்தம் போட்டுக்கொண்டே பெரியப்பா வந்தார். அவர் கையில் பேஸைக் கொடுத்தார் அப்பா, கொஞ்சம் பிடியுங்கள் என்று. பிடித்தார். பிடித்த இடத்தில் கட்டைவிரல் பட்டுக் கொஞ்சம் துலங்கியது. ஒரு இடம் பளிச்சென்று ஆகிவிட்டால் பக்கத்து இடத்தை விட முடியாது, பித்தளையிடம் அந்தக் கெட்ட குணம் உண்டு. கொஞ்ச நேரத்தில் பெரியப்பா பட்டு வேட்டியோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கட்சி ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்சி அவருடைய கட்சிதான்.

அப்போதுதான் கவனித்தேன். முற்றத்தில் எங்கேயும் வெள்ளைத் துணி இல்லை. எண்ணெய் இல்லை. யாரும் எதையும் கழற்றவில்லை. ட்ரம்பெட்டுகளை அப்பா பிஸ்டனோடு சேர்த்துப் புளியில் முக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மேக்கப் போடுகிறவர் என் தலையைப் பிடித்து அழுத்தி, அசைந்தால் புருவம் நெற்றிக்குப் போய்விடும் என்றார். அந்த நேரம் மாமனார் முற்றத்துக்கு வந்தார். அப்பாவின் கையைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் மூடிக்கொண்டு, பெரியப்பாவைத் தாண்டி வந்த வழியே போய்விட்டார்.

சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில், எல்.ஈ.டி. மயில் தோகை வைத்த வண்டியில் என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். முன்னால் பேண்டு. அப்படி ஒரு மினுமினுப்பை அந்த ஆட்கள் தங்கள் வாத்தியத்தில் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, ஒருவர் வாத்தியத்தை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேர் கையும் முழங்கை வரை கறுப்பு. கும்பிட்டவர்கள் எல்லாம் அடுப்பில் கை விட்டவர்கள் மாதிரி இருந்தார்கள். பெரியப்பா வியர்வையைத் துடைத்ததில் நெற்றியிலும் ஒரு கறுப்புப் பட்டை, அதற்கு மேல் விபூதி.

மாஸ்டர் கையை உயர்த்தினார். டிரம் ஆரம்பித்தது. ட்ரம்பெட்டுகள் வாய்க்குப் போயின. வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொருவருடைய பிஸ்டனும் அழுத்திய இடத்தில் நின்றுவிட்டது, எழும்பவில்லை. ஆளுக்கொரு சுரத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தர் மேலே ஒரே சுரம், ஒருத்தர் கீழே ஒரே சுரம், நடுவில் ஒருத்தர் லாரி ஹாரன். என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. சாலையோரம் படுத்திருந்த மாடு எழுந்து வேங்கிக்கால் திசையில் நடந்தது. கிரிவலம் போய்விட்டு வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா இது ஏதோ பழங்காலச் சடங்கு என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

மறுநாள் பெரிய முகூர்த்தம். எங்களுக்குப் பின்னால் இன்னொரு பெண் அழைப்பு வந்து நின்றுவிட்டது, அதற்குப் பின்னால் டவுன் பஸ். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அது எங்கள் பேண்டோடு நன்றாகவே சேர்ந்தது. மாஸ்டர் பிஸ்டனைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, வாசிப்பதென்றால் வாசியுங்கள், இல்லையென்றால் வண்டியை எடுங்கள் என்றார். பேண்டு இல்லாமல் பெண்ணைக் கூட்டிப்போவதா, சாவு வீடா இது என்று பெரியப்பா கத்தினார். கத்திவிட்டு, என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

அப்பா வண்டிக்குப் பக்கத்தில், என் காலடியில் நின்றார். மயில் தோகையின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சம்பந்தி, சீர் வரிசைல ஒரு பூ ஜாடி பாத்தேன். அது ஊதுமா?" என்று கேட்டார்.

"ஊதுங்க" என்றார் அப்பா. "ஆனா வாக்கு குடுத்துட்டேன்."

"வாக்கு எங்கிட்டதானே குடுத்திங்க. நான் திருப்பிக் குடுத்துட்டேன்."

பெரியப்பா வாயைத் திறந்தார். பின்னால் டவுன் பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. வாயை மூடிக்கொண்டார்.

தாய்மாமா பைக்கில் பறந்து போய்க் குடத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார். பூவை எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அப்பா குடத்திலிருந்து ட்ரம்பெட்டை உருவி, மூன்று பிஸ்டனையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போய் வந்தன. உதட்டில் வைத்து ஊதினார். முதல் ஊதலில் சம்பங்கியும் ரோஜாவும் பறந்துபோய் பெரியப்பாவின் மேல் விழுந்தன. அடுத்து பாட்டு வந்தது.

நான் அப்பாவின் முதுகைத்தான் பார்த்தேன். ஊரில் உள்ள எல்லாப் பெண்களும் இந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. பட்டுச் சட்டை வியர்வையில் ஒட்டி, அங்கவஸ்திரம் ஒரு பக்கம் இழுபட, டிரம்காரர்கள் அவர் தோளைப் பார்த்துத் தாளத்தை மாற்ற, மாட்டிக்கொண்ட ட்ரம்பெட்டுகள் தங்கள் ஒற்றைச் சுரம் பாட்டில் வரும் இடங்களில் மட்டும் சரியாக எட்டிச் சேர, மண்டபம் வரை அப்படியே போனோம். நான் அழுதேன். மேக்கப் போட்டவர் மண்டப வாசலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்றார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் அப்பா அந்த மாஸ்டரை உட்காரவைத்து, அத்தனை பிஸ்டன்களையும் கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். இத்தனை வருஷ அனுபவத்தில் எப்படி மறந்தீர்கள் என்று நான் கேட்டேன். "அவசரத்துல மறந்துட்டன்மா" என்றார். கல்யாண வேலையில் எல்லோருக்கும் ஏதாவது மறந்துபோகத்தான் செய்கிறது. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

வீடியோ வந்தது. அதில் ஊர்வலம் முழுக்க அப்பாவின் முகம் இல்லை. வீடியோகாரரின் பெரிய லைட் ட்ரம்பெட்டின் வாயில் பட்டுக் கேமராவுக்கே திரும்பியிருந்தது. பட்டு வேட்டி தெரிகிறது, சட்டை தெரிகிறது, கழுத்துக்கு மேல் வெள்ளை வெளிச்சம்தான். கொஞ்சம் மங்கலாக வைத்திருக்கக் கூடாதா என்று வீடியோகாரர் அலுத்துக்கொண்டார். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் தந்ததில்லை, அவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என் மாமியார் மட்டும், இதுவும் நல்லதற்குத்தான், யார் ஊதினார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று மெல்லச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

போன பொங்கலுக்குக் கீழ்பென்னாத்தூர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், கல்யாணத்துக்கு வர முடியாதவர், வீடியோவைப் போடச் சொன்னார். ஊர்வலம் வந்தது. வெளிச்சத் தலை ஆள் திரையில் வந்து நின்றார்.

"யாருப்பா இது, மூஞ்சியே தெரியல. ஆனா பிரமாதமா வாசிக்கிறாரே" என்றார் அவர்.

மாமியார் அடுப்பைப் பார்க்க எழுந்தார். பெரியப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த அப்பா முந்திக்கொண்டு, "யாரோ பேண்டுக்காருங்க" என்றார்.

"யாரோ இல்ல" என்றார் மாமனார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க சம்பந்தி. பொண்ணுக்கு வாசிக்கணும்னு, வந்த செட்டுல அத்தனை பிஸ்டனையும் கழட்டாமயே புளி போட்டவரு. நான் நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

அந்த மனுஷன் மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. பெங்களூர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, புளியா என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டு, வெறும் எவர்சில்வர் டம்ளரைத் துண்டால் துடைக்க ஆரம்பித்திருந்தார்.